அக்காவின் இடைமுகத்தில் காணாமல்போன மூன்று வரிகள்

என் ஆசை அக்கா,

நீங்கள் போய் எட்டு மாதம். இத்தனை நாளும் எழுதாதவள் இன்று எழுதுவது ஏக்கத்தால் மட்டுமல்ல, சந்தேகத்தாலும்தான். நீங்கள் வடிவமைத்த இடைமுகத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று போன கிழமை கண்டுபிடித்தேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கணினிக்குள் பல சின்னக் கணினிகளை ஓடவிடலாம். அவற்றை நீங்கள் கெஸ்ட் என்பீர்கள். ஒவ்வொரு கெஸ்டுக்கும் நெட்வேர்க் கார்ட் போன்ற உண்மையான சாதனம் ஒன்றைக் கொடுக்கலாம். அந்தச் சாதனம் நினைவகத்தில் தானாகவே எழுதும். ஆகவே அது எங்கே எழுதலாம் என்பதற்கு இரண்டு அட்டவணைகள். முதலாவது கெஸ்டின் கையில், இரண்டாவது பெரிய கணினியை ஆளும் மைய நிரலான கேர்னலின் கையில். கெஸ்ட் தன் அட்டவணையைத் திருத்தினால், தன் சாதனம் பழைய முகவரிகளை மறக்க வேண்டும் என்று கேர்னலிடம் கேட்கவேண்டும். கேட்பதற்கான அந்த வழியை, அந்த இடைமுகத்தைத்தான் நீங்கள் எழுதினீர்கள்.

அதில் ஒரு சிக்கல். கெஸ்ட் தன் சாதனத்தை முதலாம் எண் என்று நினைத்திருக்கும். வெளியே அதற்கு வேறு எண். கேர்னல் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்து, இந்த எண் உண்மையிலேயே இந்தக் கெஸ்டுடையதுதானா என்று சோதிக்கவேண்டும். சோதிக்காவிட்டால் ஒரு கெஸ்ட் அயல் கெஸ்டின் சாதனத்தையும் மறக்கச் சொல்லலாம். எதையும் திருட முடியாதுதான். ஆனால் ஓயாமல் மறக்கச் சொல்லிச் சொல்லியே அயலை முடக்கிவிடலாம்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உங்கள் வருத்தத்துக்காக உங்களோடு வவுனியா கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த எனக்கு, சோதனைக்காகப் பொய் சொல்லும் கெஸ்டாக இருக்கும் வேலையைத் தந்தது நீங்கள்தான். "நீ வாய் திறக்காட்டியும் பரவாயில்லை. கள்ள மூளை இருந்தால் காணும்" என்று சிரித்தீர்கள். பிறகு உங்கள் விரல்கள் மரத்துப்போனபோது, நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

போன கிழமை அதே கள்ள வேலையைச் செய்தேன். இரண்டு கெஸ்டுகளை ஓடவிட்டு, முதலாவதிலிருந்து மற்றதன் சாதன எண்ணைக் கொடுத்தேன். பிழை என்று திருப்பி அனுப்பவேண்டும். அது பேசாமல் ஏற்றுக்கொண்டது. மூன்று தரம் செய்து பார்த்தேன். மூன்று தரமும் வெற்றி என்றே வந்தது.

எனக்கு உடனே ரமணன் அண்ணாவின் முகம்தான் வந்தது. ஓமந்தையில் இருந்துகொண்டு உங்களோடு வேலை செய்தவர், இப்போது உங்கள் இடத்தில் இருந்து நிரலை அனுப்புகிறவர். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வீட்டுக்கு வந்து, இலையில் சோறு விழுமுன்னமே உங்கள் லப்டொப் எங்கே என்று கேட்டவர். அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, "அந்தப் பொடியன் உனக்கு என்ன செய்தவன்? பொலிஸ்காரி மாதிரிப் பாக்கிறாய்" என்று பேசினா.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவருக்கு அழைப்பெடுத்தேன். அந்தச் சோதனையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"தங்கச்சி, உன்ர அக்கா எழுதினதைத்தான் அனுப்பினனான். ஒரு வரியும் தொடேல்லை" என்றார்.

நான் நம்பவில்லை. மிக அமைதியாகச் சொன்னார், அதனாலேயே நம்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை கேர்னலைப் பராமரிப்பவர்கள் அந்த நிரலை ஏற்றுக்கொள்வதாக இருந்தார்கள். கேர்னலின் இடைமுகம் ஒருக்கால் வெளியே போனால் அதை நம்பி மற்றவர்கள் நிரல் எழுதிவிடுவார்கள், பிறகு ஓட்டையைப் பூட்ட ஏலாது என்று நீங்களே சொல்வீர்கள். ஆகவே அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, மாற்றங்களின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

கிடைத்தது. சாதன எண்ணைச் சோதிக்கும் மூன்று வரிகள் நீக்கப்பட்டிருந்தன. நீக்கியவர் பெயர் உங்களுடையது. கீழே ஒரு குறிப்பு: அழைக்கும் நிரல் இதை ஏற்கெனவே சோதிக்கிறது. அந்தக் குறிப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அந்தப் பிழையை வழக்கமாக விடுவது நான்தான்.

அப்போதுதான் அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. புது மருந்து தொடங்கி மூன்றாம் நாள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். "இந்த மூண்டு வரியையும் எடு. மேலை இருக்கிறவன் பாப்பான்" என்றீர்கள். அழைக்கும் நிரலைத்தான் அப்படிச் சொல்வீர்கள். நான் எடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

அக்கா, உங்களுக்கு அது தெரிந்திருந்ததா? வேகத்துக்காக எடுத்தீர்களா, மருந்து எடுக்க வைத்ததா? அல்லது நான் கேட்பேனா என்று பார்த்தீர்களா? கடைசிச் சந்தேகம்தான் என்னை அதிகம் வதைக்கிறது. அது, நீங்கள் பிழைவிடவில்லை என்று நான் எனக்காகவே செய்துகொண்ட ஆறுதலோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

ரமணன் அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அக்கான்ர பேரிலை பிழை எண்டு உலகம் முழுக்க எழுத வேண்டாம். நான் அடுத்த பதிப்பிலை பேசாமல் திருத்திவிடுறன்" என்றார். உங்கள்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். இந்த முறை அதை நம்பினேன். ஆனாலும்,

"பேசாமல் எடுத்ததாலைதானே அண்ணா இவ்வளவும். வைக்கிறதையும் பேசாமல் வைக்கவோ?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு நீளமாக நான் ஒருவரிடமும் கதைத்ததில்லை. அவர் "சரி, நீயே எழுது" என்றார்.

ஞாயிறு காலை எழுதினேன். எல்லோரும் பார்க்கும் மின்னஞ்சல் பட்டியலில், முதற்தடவையாக என் பெயரில். என்ன சோதித்தேன், என்ன வந்தது, எந்த மாற்றத்தில் அந்த வரிகள் போயின என்று. பிழைவிட்டவர் பெயருக்கு நேரே உங்கள் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் சேர்த்தேன். அனுப்பிய பிறகு அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா, அது ஆறும்வரைக்கும் நான் தொடவில்லை.

ஏற்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வரிகளைத் திருப்பிச் சேர்க்கும் வேலையை என்னிடமே விட்டிருக்கிறார்கள்.

அக்கா, ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் நிரலின் மிச்சம் முழுவதையும், நீங்கள் எழுதியது என்பதற்காக ஒரு வரியும் தாண்டாமல், அந்நியர் எழுதியதைப் போலச் சோதிப்பேன். என்னுடையதை அதைவிடக் கடுமையாகச் சோதிப்பேன்.

இனி ஏன் என்று கேட்கப்போகும்,
உங்கள் தங்கச்சி
துளசி
அக்கராயன்