வரிசை பிசகாத வயல்

பிரியமுள்ள தாமு,

நீ கண்ணை மூடிய பிறகு இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். உன் பெயரில் ஒரு படம் சென்னைக் கண்காட்சிக்குப் போகிறது. ‘ஓவியர் தாமுவின் கடைசிப் படம்’ என்று அழைப்பிதழே அடித்துவிட்டான் உன் தம்பி சேகர். அதை நீதான் வரைந்தாயா?

சேவூர் வயல், வெயில் சாயும் நேரம். உன்னைப் போலவே வண்ணங்களைக் குழைக்காமல் புள்ளி புள்ளியாக வைத்த படம். பட்டுச் சேலையைக் காட்டிச் சொல்வாயே: “நெடுக்க ஓடுற பாவு ஒரு கலர், குறுக்க ஓடுற ஊடை ஒரு கலர். அசையும்போது மூணாவதா ஒண்ணு மின்னுதுல்ல? அத யாரும் சாயம் போடல, நம்ம கண்ணு போட்டுது.” உன் பச்சை வயலில் மஞ்சளும் நீலமும்தான் இருக்கும். தூரிகைத் தடம் ஒவ்வொன்றும் தெரியும். நெல்லில் நிமிர்ந்து, தண்ணீரில் படுத்து, காற்றடித்த இடத்தில் சாய்ந்து.

இந்தப் படத்தில் காற்றே இல்லை. புள்ளிகள் குறுக்கிலும் நெடுக்கிலும் வரிசை பிசகாமல் நிற்கின்றன. சேகருக்கு என்ன தொழில்? சேலை டிசைனுக்காகக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவது.

அவனிடம் நேரிலேயே கேட்டேன்.

“மூக்க ஒட்டிகினு பாத்தா அப்படித்தாண்ணா தெரியும். தள்ளி நின்னு பாருங்க.”

“என்னைத் தள்ளி நிக்க வெக்கறது உனக்குப் புதுசா? ஆஸ்பத்திரியிலயும் அதானடா செஞ்ச?”

“அண்ணன் தூங்கிகினு இருந்தாருண்ணா. இன்னும் அதையே புடிச்சிகினு பேஜார் பண்றீங்களே!”

நான் வந்தபோதெல்லாம் தூங்கிக்கொண்டா இருந்தாய், தாமு? நான் நம்பவில்லை. மன்னிக்கவும் இல்லை.

ஒருவேளை கடைசியில் நீயே இப்படி மாறிவிட்டாயோ என்றும் யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் உன் கை நடுங்கியது. அந்தக் கையா இவ்வளவு நேராக வரிசை பிடிக்கும்? நிழலில் கறுப்பு வேறு. நீ ஊதாவில்தான் நிழல் போடுவாய். கறுப்பு வாங்கியதே கிடையாது.

இது உன்னுடையது என்று ஆகிவிட்டால், இனி இதை வைத்துத்தான் உன் மற்ற படங்களை எடை போடுவார்கள். அவனிடம் இன்னும் எத்தனை கடைசிப் படங்கள் இருக்கின்றனவோ!

ஓவியம் பற்றி எழுதும் ஒரு பத்திரிகைக்கு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். அந்தப் படத்தை உன் தலையில் கட்ட விடமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. என் பெயரைப் போட்டால் ஆரணியில் எனக்கும் சேகருக்கும் உள்ள பகையைத்தான் பேசுவார்கள். படத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். பெயர் போடாவிட்டாலும் எழுதியது யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

கீழே ‘உன் நண்பன்’ என்றுகூட எழுதவில்லை. கையெழுத்தில்லாமலே தபால் பெட்டியில் போடப்போகிறேன்.