உப்பு பார்க்கிறவள்

மார்ச் 8, சனி

வெயில் இன்னும் முழுசாக ஏறவில்லை. அதற்குள் மாடியில் விருந்து ஆரம்பித்துவிட்டது. நம் வீட்டு ஆண்கள் விற்பது ஏசி. ஊரே வெயிலைத் திட்டும்போது இங்கே மட்டும் அதற்கு மாலை போடாத குறை. கடை பெரியவருடையது, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணனுடையது. இவர் பங்குதாரர் என்று வெளியே சொல்லிக்கொள்வார், உள்ளே எடுபிடி. சனிக்கிழமைதோறும் கட்டடம் கட்டுகிறவர்களையும் ஹோட்டல்காரர்களையும் கூட்டி வந்து சாப்பாடு போட்டால்தான் ஆர்டர் வரும் என்பது பெரியவரின் எண்ணம்.

விருந்துக்கு நாயகி என் ஓரகத்தி, பெரியவரின் மனைவி. அவள் செய்கிற குவாகமோலிக்காகவே வருகிறவர்கள் உண்டு. அவகாடோவை மசித்து, மாம்பழம், அன்னாசி, மாதுளை போட்டு, சிப்ஸ் தொட்டுக்கொள்ளச் சில்லென்று கொண்டுவந்து வைப்பாள். இவர் அதைப் 'பச்சை மசியல்' என்பார், அவள் காதில் விழாமல். என் வேலை வெங்காயம் நறுக்குவது. எட்டு வருஷமாக வெங்காயம்.

"பொடியா நறுக்கச் சொன்னேன். இது என்ன, மாட்டுக்குப் போடவா?"

இன்றைய ஆசீர்வாதம் இது.

மார்ச் 15, சனி

ஆச்சரியம். கரண்டியை என்னிடம் நீட்டி, "இந்தா, உப்பு பாரு" என்றாள். என்னிடம்! கை கழுவினாயா என்றுகூடக் கேட்கவில்லை. சரியாக இருக்கிறது என்றேன். "புளிப்பு?" அதுவும் சரி. "அன்னாசி கெட்டுப் போயிடலையே?"

மோந்து பார்த்தால் தெரியாதா?

மார்ச் 20, வியாழன்

தெரியாது. மோந்து பார்த்தாலும் அவளுக்குத் தெரியாது!

பால் தீய்ந்த வாடை கீழே என் கூடம் வரை வந்தது. மாடிக்கு ஓடினேன். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக மாதுளை உதிர்த்துக்கொண்டிருக்கிறாள். அறை முழுக்கப் புகை. "அக்கா, பால்!" என்று கத்தினேன். திரும்பி, கருகிய பாத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலேருந்து வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. எதைத் தின்னாலும் ஈரத்துணிய மெல்லுற மாதிரி இருக்கு. டாக்டர் திரும்பி வரும்ங்கிறார். எப்பன்னு சொல்ல மாட்டேங்கிறார்." என் கையைப் பிடித்தாள். "அவருக்குத் தெரியவே கூடாது. உன் காலுல வேணா விழறேன்."

விழவில்லை. விழுந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன், இதில் பொய் எதற்கு?

மார்ச் 29, சனி

இப்போதெல்லாம் நான் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் ஓடுவதில்லை. காம்போரம் லேசாக அழுத்தி, அமுங்குகிற அவகாடோவாக எடுக்கிறாள். முள்கரண்டியால் மசிக்கிறாள், கூழாக்காமல், அங்கங்கே கட்டி இருக்கும்படி. மாம்பழம் முக்கால் பழுத்தது, சின்னச் சின்னத் துண்டாக. அன்னாசியைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரை வடிக்கிறாள். மாதுளை கடைசியில்தான், இல்லாவிட்டால் சாயம் இறங்கிவிடும். எல்லாம் கைக்குத் தெரிகிறது. உப்பும் எலுமிச்சையும் வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. என்னைப் பார்க்கிறாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்க்கா."

போடுகிறாள்.

"போதும்க்கா."

நிறுத்துகிறாள். சொன்ன இடத்தில் நிற்கிறாள்! எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. எட்டு வருஷமாக எந்த ஏசியும் என்னை இப்படிக் குளிர்வித்ததில்லை.

விருந்தில் எல்லோரும் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். "என்ன போடுறீங்க இதுல?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "அது கைப்பக்குவம்" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஏப்ரல் 5, சனி

மறுபடி பாராட்டு மழை. நான் தட்டு கழுவினேன்.

ஏப்ரல் 12, சனி

இதை எழுதியே தீருவேன்.

ஹோட்டல்காரரின் மனைவி நல்லவள். என்னைக் காட்டி, "இவங்களும் உங்ககிட்ட கத்துக்கிட்டிருப்பாங்களே?" என்றாள். சாதாரணப் பேச்சு. அக்கா சிரித்துக்கொண்டே, சிப்ஸ் கிண்ணத்தை நகர்த்தியபடி சொன்னாள்:

"இவளுக்கா? கையிலயும் ஒண்ணும் தங்காது, வயித்துலயும் ஒண்ணும் தங்காது."

மேசையே சிரித்தது. எனக்கு மூன்று தடவை கரு கலைந்தது அவளுக்குத் தெரியும். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளே அவள்தான்.

நான் என்னடி பண்ணேன் உனக்கு? உன் நாக்கே நான்தானே. ஏன்டி இப்படிப் பேசுற?

ஏப்ரல் 13, ஞாயிறு

இவரும் சிரித்தார். பார்த்தேன். "அண்ணி சும்மா விளையாட்டுக்குச் சொன்னாங்க, நீ ஏன் பெருசாக்குற" என்கிறார்.

ஏப்ரல் 19, சனி

இன்று உப்பைச் சரியாகத்தான் சொன்னேன். வந்தது ஹோட்டல்காரர் வட்டம்தான், சின்னது. அடுத்த வாரம் பெரிய பில்டர் வருகிறார், நாலு கட்டடத்துக்கு ஏசி. காத்திருக்கலாம்.

ஏப்ரல் 26, சனி

நடந்ததை நடந்தபடி.

நல்ல பழம், நல்ல மாம்பழம். மசித்து முடித்து உப்பை எடுத்தாள்.

"போதுமா?"

ருசி பார்த்தேன். அளவாக இருந்தது. சிப்ஸிலேயே உப்பு உண்டு, அதனால் ஒரு மாற்றுக் குறைவாக இருக்கவேண்டும்; அப்படியே இருந்தது. "சப்புன்னு இருக்குக்கா" என்றேன். போட்டாள். "இன்னும்." போட்டாள். மறுபடி ருசி பார்த்தபோது நாக்கு சுருண்டது. "இன்னும் ஒரு கை போடுங்க. அன்னாசி இனிப்பு தூக்கலா இருக்கு."

கை ஒரு நிமிஷம் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

மாதுளையைத் தூவி, பில்டர் முன்னால் அவளே கொண்டுபோய் வைத்தாள். அவர் சிப்ஸில் ஒரு குவியல் அள்ளி வாயில் போட்டார். போட்ட வேகத்தில் கைத்துண்டில் துப்பினார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தானும் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

"சாப்பிடு."

சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. "நல்லா... நல்லாத்தானே இருக்கு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. ரொம்பக் கெட்டிக்காரர் அவர். "இன்னொரு வாய்" என்றார். இன்னொரு வாய். "இன்னொண்ணு." பில்டர், "விடுங்க சார்" என்றபோது பாதிக் கிண்ணம் காலி. பெரியவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "என் பொண்டாட்டிக்கு நாக்கு செத்துப்போச்சு போல. நமக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆர்டர் போயிற்று. இவர் வீடே இடிந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 30, புதன்

கொடியில் துணி எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. அன்று முழுக்கத் தண்ணீராகக் குடித்து வாந்தி எடுத்தாளாம்.

"உன் முகத்தைப் பார்த்துத்தான் நான் ருசி பார்ப்பேன்" என்றாள். "நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். அன்னைக்கு உன் முகம் கோணிச்சு. வாய் இன்னும் போடுன்னு சொல்லிச்சு. எதை நம்பறதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்." துணியை மடித்து என் கூடையில் வைத்தாள். "வாயை நம்பிட்டேன்."

நானும் கேட்டேன். "வயித்தப் பத்திச் சொன்னீங்களேக்கா, அது?"

"அது அவர் தினமும் சொல்ற வார்த்தை. என்னைப் பார்த்து. எனக்கும்தான் ஒண்ணும் தங்கல."

இறங்கிப் போய்விட்டாள். எனக்கு இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் கூடவே, அவர் சொன்னால் அதை வாங்கி என் தலையில் கொட்டுவாயா என்ற கோபமும் வந்தது. எது பெரிது என்று தெரியவில்லை.

மே 10, சனி

குவாகமோலி இனி நான். பெரியவர் சொல்லிவிட்டார். மாம்பழத்தோடு கொஞ்சம் பச்சைத் திராட்சையும் நறுக்கிப் போட்டேன். பிரமாதம் என்றார்கள்.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் அக்காவைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார். கண்ணைக் கட்டினார். "என்னன்னு கண்டுபிடி" என்று ஒவ்வொன்றாக ஊட்டினார். வெங்காயத்தை ஆப்பிள் என்றாள். ஒரே சிரிப்பு. அடுத்து இவர் காதில் எதையோ சொல்லி, கீழே அனுப்பினார். இவர் கொண்டுவந்தது சோப்புத் துண்டு. என் சமையலறையிலிருந்து. மாம்பழத் துண்டு மாதிரி அழகாக நறுக்கி.

அவள் மென்றாள். நுரை வந்தது.

நான் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

மே 14, புதன்

அக்கா போய்விட்டாள். ஒரு பெட்டியோடு, தன் தங்கை வீட்டுக்கு. வாசலில் என்னிடம், "சமையலறை ஜன்னலை மட்டும் திறந்தே வெச்சுக்கோ, புகை நிக்குது" என்றாள். வேறொன்றும் இல்லை. பெரியவர் தடுக்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 15, வியாழன்

மூன்று வேளையும் பெரியவருக்கு இனிமேல் இங்கேதான் சாப்பாடு. இவர் என்னிடம் கேட்கவில்லை. தகவல் சொன்னார்.

மே 19, திங்கள்

"என்ன இது, மாட்டுக்கா?" என்று பெரியவர் தட்டைத் தள்ளினார். அக்காவின் வார்த்தை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மே 24, சனி

இருபது பேர். வெயில் மண்டையைப் பிளக்கிறது, சீசன் உச்சம். மாடியில் நீளமாகப் பந்தல் போட்டிருந்தார்கள். பில்டரும் வந்திருந்தார், சமாதானமாகி.

கிண்ணத்தை நடுவில் வைத்தேன். யாரும் கை வைக்கவில்லை. பெரியவர் விரலை உயர்த்தியிருந்தார்.

"ஒரு நிமிஷம். நம்ம வீட்டுல இப்ப ஒரு புது வழக்கம். செஞ்சவங்க முதல்ல சாப்பிடணும். பழைய கதை எல்லாருக்கும் தெரியுமே?"

சிரிப்பு. ஒரு கரண்டி அள்ளி என் வாய்க்கு நேராக நீட்டினார். இவரைப் பார்த்தேன். இவர் கோப்பைகளில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார், மும்முரமாக. இன்னும் நிறையக் கோப்பைகள் இருந்தன.

வாயைத் திறந்தேன். மாம்பழம் நன்றாக இருந்தது. உப்பும் அளவு.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கேக்கல. கடைசில உக்காந்திருக்கிறவங்களுக்கும் கேக்கணும்ல?"

உரக்கச் சொன்னேன்.