பெட்டிக்குக் காப்புக் கட்டினது

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு, புதூர்நாட்டு மலையிலிருந்து அப்பா மாதையன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கவியா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எருமையும் சுகம், டெல்லியில் உனக்கு இருமல் விட்டதா என்று எழுது. பலா இந்த வருஷம் வேரிலேயே காய்த்திருக்கிறது, ஒரு கரடி வந்து நமக்கு முன்னால் ருசி பார்த்துவிட்டுப் போனது, அது கிடக்கட்டும். காற்றில் இருக்கிற பொடித் தூசியைப் பிடிக்க நீ நம் கூரைமேல் வைத்துவிட்டுப் போன பெட்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் தூசி படிய அதற்குள் வைத்து எடுத்து நான் அனுப்பின வட்டக் காகிதம் டெல்லிக் காகிதத்தைவிடக் கறுப்பாக இருக்கிறது, மலையில் டயர் கொளுத்துகிறார்களா என்று உன் சார் கேட்கிறார், நம் ஊரையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவாராம் என்று நீ போனில் அழுதாய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

சுத்தமான காற்றுக்கு நம் மலையைத்தான் காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய் இல்லையா, அதை ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு பிடித்துக்கொண்டார். நம்ம பொண்ணு மானம் ஊரு மானம், ஏழு நாளைக்கு எவன் வூட்லயும் அடுப்பு எரியக் கூடாதுன்னு சொல்லிப் பெட்டிக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டினால் ஊரை விட்டுப் போகவும் கூடாதே, ஆகவே களியும் இல்லை, வெளியே போய்ச் சாப்பிடவும் வழியில்லை. ஊரே ஊறவைத்த அவலும் பலாப்பழமுமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. ஜீப் ஓட்டும் ராஜேஷ் பீடியைப் பற்ற வைக்காமலே உறிஞ்சிக்கொண்டு இருந்தான். காப்புக் கட்டினால் பூசை வேண்டாமா, காலையும் மாலையும் கவுண்டர் ஏணியில் ஏறி, பெட்டி காற்றை இழுக்கிற வாய்க்கு நேராக ஒரு கைப்பிடிக் கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டினார், கீழே நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். ஏழாம் நாள் உன் அம்மாதான், ஏங்க இதுவும் புகைதானேன்னு கேட்டாள். சாமிக்குக் காட்டுறது எப்படிம்மா புகையாவும் என்றார் கவுண்டர், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஏழு நாள் காகிதத்தைத் தூக்கிப் போடு. தப்பு மலைமேல் இல்லை, எங்கள்மேல்தான் என்று சாரிடம் சொல். காப்பை அவிழ்த்தாயிற்று. இதோடு வருவது புதுக் காகிதம், நீ சொல்லிக்கொடுத்தபடி கை படாமல் இடுக்கியால் எடுத்தேன். இதற்காக யாரும் அடுப்பை அணைக்கவில்லை, எதையும் கொளுத்தவும் இல்லை. வெள்ளையாக வரவில்லை கண்ணு, லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது, நாம் இருக்கிறபடி வந்திருக்கிறது, சாரிடம் தைரியமாகக் காட்டு.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு, வேளைக்குச் சாப்பிடு. காகிதத்தைச் சூடுபடுத்திக் கரியைக் கணக்குப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாக்கச் சொல்லுங்க, நம்ம வூட்டு அடுப்பு வாசனை இருக்கும்னு உன் அம்மா சொல்கிறாள். நீ மோந்து பார்க்காதே, கரி கணக்கில் குறைந்துவிடும்.

இது உன் அப்பா மாதையன் கைநாட்டு.