தீயணைக்கிறவனுக்குப் போர்டு எதற்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 மார்ச் 1932

அன்பு நண்பன் இக்னேஷியஸுக்கு நாகையா எழுதுவது.

இந்த ஊர்ச் சரித்திரத்தில் எழுதி வைக்க வேண்டிய தீர்மானம் ஒன்று சென்ற செவ்வாய்க்கிழமை நிறைவேறியது. தீயணைப்புப் படையினராகிய நாங்கள் தலைக்கவசத்தின் பித்தளையை இனி வாரத்துக்கு இரண்டு நாளல்ல, மூன்று நாள் துலக்க வேண்டும். டவுன் போர்டு அங்கத்தினர்கள் இதற்காக இரண்டரை மணி நேரம் வாதாடினார்கள். மூன்றாவது நாள் புதனா வியாழனா என்பதில்தான் கருத்து வேற்றுமை. வியாழன் வென்றது.

மிஞ்சிய ஐந்து நிமிடத்தில் இன்னொன்றையும் முடித்தார்கள். தீயணைக்க நாங்கள் தண்ணீர் எடுக்கும் ரோட்டோரத் தீக்குழாய்களுக்கெல்லாம் இரும்பு மூடியும் பூட்டும். கம்பத்துக் குடிசைப் பெண்கள் அதில் குடிதண்ணீர் பிடிக்கிறார்களாம். இந்தியர்களுக்காகப் போர்டில் உட்கார்ந்திருக்கும் வேலாயுதம் பிள்ளைதான் முன்மொழிந்தார். குழாயடிச் சண்டை நம் சமூகத்துக்கு இழுக்கு என்று பேசினாராம். சாவி போர்டு ஆபீஸ் பியூனிடம் இருக்கும். ஆபீஸ் நாலு மணிக்கு மூடும், ஞாயிறு விடுமுறை. இந்த நேரங்கள் நெருப்புக்குத் தெரிவிக்கப்பட்டனவா என்று தெரியவில்லை.

எங்கள் படையில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற பக்கிரிசாமி அண்ணன் பிள்ளையைத் தேடிப் போய், ‘ஐயா, ஒரு சாவிய எங்க கொட்டகையில மாட்டி வைங்க’ என்று கேட்டார். அது நிர்வாக விஷயம், நீ நெருப்பைப் பார் என்று பதில் வந்தது. அண்ணன் திரும்பி வந்து, ‘நெருப்பப் பாக்குறது நாம, தண்ணியப் பாக்குறது அவராம். அப்ப அந்த நாற்காலியில நானே போயி உக்காந்துக்கிறேன் லா’ என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, ஏன் கூடாது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலையில் இருக்கிற நாங்கள் போர்டில் உட்கார முடியாது. அவர் உட்காரலாம்.

பிள்ளையின் தவணை இம்மாதக் கடைசியில் முடிகிறது. இருபத்தாறாம் தேதிக்குள் இங்கிலீஷில் மனு போனால் வேறு பெயரையும் துரைமார் பரிசீலிப்பார்கள். கையெழுத்துப் போட முப்பத்தொரு பேர் தயார். எழுதித்தரத்தான் ஆள் இல்லை. இங்குள்ள மனு எழுதுகிறவர்கள் பிள்ளையின் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

உன் அம்மா பாக்கியம் அம்மாளைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் இன்னும் எழவில்லை, பாயில்தான் கிடக்கிறார். உன் தங்கை பெர்னடெட் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். அவர்களுடைய அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டு வரிசைக்கு எதிரில் ஒரு தீக்குழாய் உண்டல்லவா? நேற்று அதற்குப் பூட்டு வந்துவிட்டது.

சிங்கப்பூரில் உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். அந்த மனுவை ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பு.

அன்புள்ள,
நாகையா


பிரிக்பீல்ட்ஸ்
9 ஏப்ரல் 1932

இக்னேஷியஸுக்கு,

லீவு கிடைக்காததால் வர முடியவில்லை, தந்தியில் சொல்லாததை விவரமாக எழுது என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

என் முதல் கடிதத்துக்கு உன் பதில் இருபத்துநாலாம் தேதி கிடைத்தது. சர்க்கார் குமாஸ்தா மனு எழுதினால் உத்தியோகத்துக்கு ஆபத்து என்றாய். நியாயம். தீயணைக்கிறவனுக்குப் போர்டு எதற்கு, அவன் நெருப்போடு நிற்கட்டும் என்றும் எழுதியிருந்தாய்.

நின்றோம். ஈஸ்டர் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மணி அடித்தது. நாலாவது நிமிடம் எங்கள் லோரி உன் அம்மா வீட்டு வரிசைக்கு முன்னால் இருந்தது. கித்தான் குழாயை விரித்துக்கொண்டு பூட்டின் எதிரில் நின்றோம். சாவி ஆபீஸுக்குள், ஆபீஸைத் திறக்க வேண்டிய பியூன் கன்னையா கிள்ளானில் மாமனார் வீட்டில். கோடரியால் அடித்ததில் காம்பு முறிந்தது. பூட்டு வாங்குவதில் மட்டும் போர்டு சிக்கனம் பார்க்கவில்லை. ‘வேடிக்கை பாக்கவாடா வந்தீங்க? தலையில பித்தளை மட்டும் நல்லா மின்னுது!’ என்று பக்கத்து வீட்டுத் தங்கமணி என் முகத்துக்கு நேரே கத்தினாள்.

ஆற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்தோம். பதினாலு வீடு போயிற்று. பெர்னடெட் தன் பிள்ளைகளோடு பூசைக்குப் போயிருந்தாள். பக்கிரிசாமி அண்ணன் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். புகையில் வழி தெரியாமல் திரும்பி, மறுபடியும் போனார். உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். அதற்குள் மூச்சு இல்லை. முகத்தில் காயம் எதுவும் இல்லை. மறுநாள் அடக்கம் செய்தோம். அண்ணன் இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

பெர்னடெட்டும் பிள்ளைகளும் இப்போது எங்கள் வீட்டில்தான். அவளுக்கு ஒரு வரி எழுது. தமிழிலேயே எழுதலாம், அதனால் உத்தியோகத்துக்கு ஆபத்து வராது. மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

நாகையா

பி.கு.: வேலாயுதம் பிள்ளை இன்னும் மூன்று வருஷத்துக்கு நியமனம் பெற்றிருக்கிறார். குறித்த தேதிக்குள் வேறு எந்தப் பெயரும் வந்து சேரவில்லை என்று கெஜட்டில் போட்டிருக்கிறது.