ஹென்றிக்கின் வேட்டைத் துவக்கு

ரண்டர்ஸ், டென்மார்க், 11 ஒக்டோபர் 1986, சனி.

ஹென்றிக்கின் மலிவான வேட்டைத் துவக்கு இன்று சரியாகிவிட்டது. ஊரில் நான் பௌதிகம் படிப்பித்தவன் என்பதைத் தொழிற்சாலையில் கேட்டறிந்த ஒரே டேனிஷ்காரன் அவன். மற்றவர்களுக்கு நான் பெட்டி தூக்குகிறவன். அவன் கேட்டதை நான் மறக்கமாட்டேன்.

துவக்கின் குண்டுகள் சிதறிப் போயின. அதன் மேலிருந்த தொலைநோக்கியின் திருகாணிகளை இறுக்கினோம், தோட்டாவை மாற்றினோம், பயனில்லை. ஒவ்வொரு சனியும் துவக்கோடு என் அறைக்கு வந்தான். அறையில் கூட இருக்கும் மரியதாசனுக்குச் சிரிப்பு.

“மாஸ்டர், வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச துவக்குத் திருத்துறியளோ?”

இன்று குழலுக்கும் அதைத் தாங்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தேன். தடையில்லாமல் போகவேண்டியது பாதியில் சிக்கியது. ஈரத்தில் ஊதிய மரம் குழலைத் தள்ளியிருக்கிறது. உள்மரத்தைச் சுரண்டிவிட்டேன். பிறகு சுடும் திடலில் அவன் சுட்ட மூன்று குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

“தக், மாஸ்டர்” என்று நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனான். இந்த நாட்டில் நான் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

“இனி அவன் ஏன் வரப்போறான்?” என்றான் மரியதாசன்.

ஹென்றிக்கின் அண்ணனிடமும் ஒரு துவக்கு இருக்கிறதாம், போகும்போது சொன்னான். அது நேராகச் சுடுகிறதா என்று நான் கேட்கவில்லை.