நட்டவர்கள் அறுக்காத வயல்

திருச்சி
12-1-72

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நம் ஊரில் யாரோ சாகப் போகிறார்கள். அதை முடிவு செய்தது நீங்கள்.

இருபத்துநாலாம் தேதி அறுவடைக்கு வெளியூரிலிருந்து நாற்பது ஆட்களை வரச் சொல்லியிருக்கிறீர்களாம். அண்ணி எழுதியிருந்தார். நட்டவர்கள்தான் அறுப்பார்கள், அப்பா காலத்தில்கூட அதை மீறியதில்லை. நம் நிலத்தில் கூலி வேலை செய்கிற நீலாம்பாளும் அவள் ஆட்களும் நட்ட வயலில் வேறு ஆள் அரிவாள் வைத்தால் அவர்கள் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். கூலியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆட்களை நிறுத்துங்கள்.

தம்பி
சகாயநாதன்


சேசு மரி சூசை துணை

நீடாமங்கலம்
16-1-72

அன்புத் தம்பிக்கு ஆசீர்.

பொங்கலுக்கும் நீ வரவில்லை. உனக்கென்று எடுத்துவைத்த அதிரசத்தில் எறும்பு ஏறிவிட்டது என்று உன் அண்ணிக்கு வருத்தம்.

நீ காலேஜில் சரித்திரம் நடத்துகிறவன். கிறிஸ்துமஸ் லீவில் என்ன சொன்னாய்? ஒரு இளவரசனைச் சுட்டதால் உலகப் போர் வரவில்லை. ஐம்பது வருஷமாகச் சேர்ந்த பகையும் பேராசையும் கொண்டுவந்தன. தனி ஆள் வெறும் சாக்கு என்றாய். இங்கேயும் அப்படித்தான். சேரியில் சங்கக் கொடி நட்டது நானா? கூலிச் சட்டம் போட்டது நானா?

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் நீலாம்பாள் புருஷன் ரெத்தினம் களத்தில் உட்கார்ந்து அரிவாள் தீட்டினான். “என்னடா, இப்பவே?” என்றேன். “அறுப்பு வருதுல்ல” என்று சிரித்தான். முன்பெல்லாம் கடைசியில் ‘ஆண்டே’ என்று ஒரு வார்த்தை இருக்கும். அவர்கள் முந்துவதற்குள் நான் முந்த வேண்டாமா?

பெரியநாயகசாமி


திருச்சி
18-1-72

அண்ணன் அவர்களுக்கு,

நான் சொன்னது பாதிதான். மீதி இது. போர் தொடங்கிய அன்று ஜெர்மன் சக்கரவர்த்தியே பயந்துபோய், மேற்கே போகிற படையைக் கிழக்கே திருப்பச் சொன்னார். ரயில்களெல்லாம் ஏற்பாடாகிவிட்டன, முடியாது என்றார் தளபதி. முடிந்திருக்கும் என்று ரயில்வே அதிகாரி ஒருவர் பின்னால் எழுதினார். அதற்குள் லட்சக்கணக்கில் செத்திருந்தார்கள்.

ரெத்தினத்துக்கும் பயம்தான். நீங்கள் ஆள் சேர்ப்பதைப் பார்த்து அவன் தீட்டுகிறான். அவன் தீட்டுவதைப் பார்த்து நீங்கள் ஆள் சேர்க்கிறீர்கள். ஒரு தந்தி அடித்தால் நின்றுபோகும்.

சகாயநாதன்


20-1-72

தம்பிக்கு,

ஆட்கள் சனிக்கிழமை ரயில் ஏறுகிறார்கள். இனிமேல் மாற்றினால் மற்ற நிலக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. நீ வராதே. எங்களுக்காக ஜெபம் செய்.

பெ.சாமி


திருச்சி
27-1-72

அண்ணன் அவர்களுக்கு,

பேப்பரில் ஐந்து வரி போட்டிருக்கிறான். நீடாமங்கலம் அருகே அறுவடைத் தகராறு. நீலாம்பாள் என்ற பெண் வெட்டுப்பட்டு மரணம். நெடுநாள் பகையே காரணம்.

நெடுநாள் பகைக்குக் கை ஏது?

நீங்கள் வராதே என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. திருத்த வேண்டிய விடைத்தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன். அது என் முடிவு. பழியை வேறு எதன் மேலும் நான் போட மாட்டேன். உங்களுடையதை எழுதுங்கள்.

சகாயநாதன்


திருச்சி
9-2-72

அண்ணன் அவர்களுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. அண்ணி மட்டும் எழுதினார். நீலாம்பாள் கதிர்களுக்கு நடுவே தனியாகப் போய் நின்றாளாம். “நான் நட்டதுங்க, நானே அறுக்கிறேன்” என்றாளாம். வந்த நாற்பது பேரும் வரப்பைவிட்டு இறங்கவில்லையாம். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். பிறகு யாரோ “இறங்குங்கடா” என்று சத்தம் போட, இறங்கினார்களாம்.

யார் என்று அண்ணி எழுதவில்லை.

அந்த வார்த்தையைச் சொன்னது யார், அண்ணா? பெயரை எழுதுங்கள்.