நாலாம் எண்ணில் எழுதாத பெயர்

மதினி,

இன்று காலையில் என் பேத்தி கனி தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்துவிட்டது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும். சான்று கிடைக்கவில்லை. நாலாய் மடித்த கார்பன் நகல் ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் கேட்டு நீங்கள் கொடுத்த மனு. இத்தனை வருடம் கழித்தும் விரலில் ஊதா ஒட்டுகிறது.

கனிக்குக் காது கேட்காது, பேச்சு இல்லை. ஆனால் இப்போது நன்றாகப் படிப்பாள். அதிலிருந்த மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் படித்தாள். எழுத்து என்னுடையது என்று தெரிந்து சிரித்தாள். அப்புறம் 4 என்று எண் மட்டும் போட்டு வெறுமனே கிடந்த வரியில் விரலை வைத்து, இது யார் என்று புருவத்தால் கேட்டாள். பால் பொங்குகிறது என்று கைகாட்டிவிட்டு எழுந்து வந்தேன். அடுப்பில் பால் இல்லை.

பெண்களுக்கென்று ஒதுக்கிய முதல் தேர்தலில் நீங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஆனபோது, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கின கை தீர்மானத்தில் கையெழுத்துப் போடுதாக்கும் என்று சிரித்தவர்கள் உண்டு. அடுத்து வந்த தேர்தலுக்குக் கட்சிக்காரர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு ஆதரவு கேட்டு வந்தார். நானும் இருந்தேன்.

"தாயி, ஊர் ஓட்டு மொத்தமும் உங்க கையிலதான் இருக்கு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. காது கேக்காத, நடக்க முடியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வேணும்."

"அதுகளுக்கு ஓட்டு இருக்கா தாயி?"

"பதினெட்டு வயசுல வரும். நான் காத்துக்கிட்டு இருப்பேன். நீங்க இருப்பியளா?"

அவர் துண்டை உதறிக்கொண்டு, "பட்டியல் குடுங்க, பாப்போம்" என்றார்.

பட்டியல் எழுதும் வேலையை எனக்குத் தந்தீர்கள். கிராம சபையில் மற்றப் பெண்கள் கைநாட்டு வைக்க, நான் மட்டும் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். படிப்பு அஞ்சாம் வகுப்புதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. "உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும் மதினி, நீங்களே எழுதுங்க" என்றீர்கள். வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் பிள்ளையே இல்லை என்று சாதித்தார்கள். "ஏட்டி, ஒளிச்சு வச்சா பிள்ளை தேறிருமா?" என்று அந்தத் தாயைத் திட்டி, பெயரை வாங்கி எழுதினேன்.

என் வீட்டுப் பெயரை எழுதவில்லை.

மூத்த பேத்தியை அப்போது விளாத்திகுளத்திலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். அவர்கள் வரும் நாளில் எட்டு வயதுக் கனியைப் பருத்தி போடும் அறையில் உட்கார வைத்து, வெளியே தாழ் போடுவேன். வம்சத்திலேயே இருக்கிறது என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

நீங்கள் பட்டியலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கனியைத் தூக்கிச் சுமந்தவர் நீங்கள், தெரியாமல் இல்லை. பேனாவை வாங்கி, கீழே 4 என்று போட்டீர்கள்.

"ஒரு வரி சும்மா கெடக்கட்டும்."

"யாருக்கு மதினி?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"பேரு வரும்போது எழுதிக்கிடுவோம்."

யூனியன் ஆபீஸுக்கும் தூத்துக்குடிக்கும் எத்தனை தடவை பஸ் ஏறினீர்கள்! வாரம் இரண்டு நாள் டீச்சர் வந்தார். மூன்று பிள்ளைகளும் போனார்கள். மூத்தவள் கல்யாணம் முடிந்த பிறகாவது நான் எழுதியிருக்கலாம். முதலில் மறைத்தது வெளியே வந்துவிடுமே என்று அதற்கும் பயந்தேன்.

வயிற்றில் கட்டி வந்து நீங்கள் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலாம் நம்பர் இன்னும் சும்மாதான் கெடக்கு மதினி" என்றீர்கள். எழுதுதேன் என்றேன். நீங்கள் இருக்கும்வரை எழுதவில்லை. உங்கள் பதினாறாம் நாள் கழிந்து கனியை டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினோரு வயது. "எட்டு வயசுல கொண்டுவந்திருந்தா கொஞ்சம் பேச்சும் வந்திருக்கலாம், பாட்டி" என்றார் டீச்சர். எழுத்து வந்தது. பேச்சு வரவில்லை.

பட்டியலில் முதல் பெயர்க்காரிக்கும் காது கேட்காதுதான். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு "எம்மா" என்று தெருவில் கூப்பிடுகிறாள். கொஞ்சம் கரகரத்த குரல். அது கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன்.

இப்போதும் இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க யார் வந்தாலும் வீடு காட்ட நான்தான் போகிறேன். இங்கே அப்படி யாரும் இல்லை என்று சொல்கிற வாசலில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

மத்தியானம் ஒரு தாளில் கனிக்கு எழுதிக் கொடுத்தேன்: 'நாலாவது நீ. எழுதாமல் விட்டது ஆச்சி.' இரண்டு முறை படித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாக்காளர் மனுவை நிரப்ப நான் பேனாவோடு உட்கார்ந்தேன்; அவளுடைய மனுக்களை எல்லாம் நான்தான் எழுதுவது. கனி பேனாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நீங்கள் காத்திருக்கிறேன் என்று சொன்ன ஓட்டு, மதினி. பெயரை அவளே எழுதினாள்.